குளிரின் மேல் பழி போடாதீர்!



கேமரன் மலையில் நவம்பர் பிறந்துவிட்டால் போதும். ஆசிரியர் அறையிலும் பள்ளி வாயிலிலும் தோட்டத்துக் கடையிலும் ஒரே பல்லவிதான் கேட்கிறது. "இந்தக் குளிரில் எங்கே நடப்பது? இந்த மழையில் எங்கே ஓடுவது? எல்லாம் பிப்ரவரிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்." பிப்ரவரியும் வருகிறது. வந்ததும் பள்ளி விளையாட்டுப் போட்டிக்கான ஏற்பாடுகள். அதன்பின் தேர்வுத் தாள்கள். அதன்பின் கூட்டங்கள், அறிக்கைகள். நிமிர்ந்து பார்த்தால் மறுபடியும் நவம்பர்! இப்படியே பத்து ஆண்டுகள் ஓடிப்போகின்றன. நாம் மட்டும் ஓடுவதே இல்லை.

இந்தப் பல்லவியை நானும் பாடியவள்தான். ஆகவே, பிறரைக் குறைசொல்லும் தகுதியோடு இதை எழுதவில்லை. குற்றவாளிக் கூண்டில் நின்றுகொண்டே எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களுக்குச் 'செகாக்' உடல்திறத் தேர்வு நடந்தது. மூன்று நிமிடம் பலகைப் படியில் ஏறி இறங்கவேண்டும் என்பது அத்தேர்வின் ஒரு பகுதி. 'எப்படிச் செய்யவேண்டும் என்று நான் காட்டுகிறேன், பாருங்கள்' எனப் பெருமையாக ஏறினேன். ஒன்றரை நிமிடத்தில் மூச்சு முட்டியது. இரண்டாம் நிமிடத்தில் நின்றுவிட்டேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து, "டீச்சர், உக்காருங்க டீச்சர்" என்றான். அவன் கேலி செய்யவில்லை. உண்மையான இரக்கத்தோடுதான் சொன்னான். அந்த இரக்கம்தான் என்னைச் சுட்டது. அடுத்த மாதம் அரசாங்க மருந்தகத்தில் இரத்தப் பரிசோதனை செய்தபோது, சர்க்கரை எல்லையைத் தொட்டு நிற்கிறது என்றார் மருத்துவர். எனக்கு அப்போது வயது 43.

என் பாட்டி இதே மலையில் கொழுந்து பறித்தவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய் நின்று, முதுகில் கூடையோடு சரிவுகளில் ஏறி இறங்கி, எடை போட்டுவிட்டு லயத்துக்குத் திரும்பும்போது மாலையாகிவிடும். அவருக்கும் இதே குளிர்தான். சொல்லப்போனால் அவர் காலத்தில் குளிர் இன்னும் கடுமை. நம் நாட்டில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையாகிய 7.8 பாகை, 1978 பிப்ரவரி முதல் நாள் இந்தக் கேமரன் மலையில்தான் பதிவானது. அன்றும் என் பாட்டி வேலைக்குப் போயிருப்பார். 'குளிர்காலம் முடியட்டும்' என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைய கூலி போயிருக்கும்.

உடனே ஒரு தவறான முடிவுக்குத் தாவிவிட வேண்டாம். 'அந்தக் காலத்து உழைப்பே உழைப்பு. அதனால்தான் நோயில்லாமல் வாழ்ந்தார்கள்' என்று மேடைகளில் முழங்குவோர் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். பாட்டியின் முதுகு வலியும் முழங்கால் வீக்கமும் இரத்தச் சோகையும் எனக்குத் தெரியும். பாரம் சுமந்து தேய்வது உடற்பயிற்சி ஆகாது. அந்த வாழ்க்கையிலிருந்து தம் பிள்ளைகளை வெளியேற்றத்தான் அவர்கள் நம்மைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பினார்கள். நாமும் வெளியேறிவிட்டோம். இன்று இத்தோட்டங்களில் கொழுந்து எடுப்போரில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். கையால் பறித்த காலமும் போய், கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. சிக்கல் எங்கே தெரியுமா? கூடையை இறக்கி வைத்த நாம், கூடவே நடையையும் இறக்கி வைத்துவிட்டோம். தட்டில் உள்ள சோற்றின் அளவை மட்டும் இறக்கவில்லை!

அமர்ந்தே பார்க்கும் வேலை உடலை என்ன செய்யும் என்பது புதிய செய்தியன்று. இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தோரை செர்ரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஆராய்ந்து 1953ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். நடத்துநர் நாள் முழுதும் படியேறி இறங்குகிறார். ஒரே பேருந்து, ஒரே ஊர், ஒரே குளிர். ஆனால் மாரடைப்பு நோய் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களிடம் குறைவாக இருந்தது. நடத்துநர் யாரும் விடியற்காலையில் எழுந்து தனியாக உடற்பயிற்சி செய்யவில்லை. அவர்களுடைய வேலைநாளுக்குள்ளேயே அசைவு இருந்தது. என் பாட்டி அந்த நடத்துநரைப் போன்றவர். நான் ஓட்டுநராகிவிட்டேன்.

நாட்டு நிலவரத்தையும் பாருங்கள். சுகாதார அமைச்சின் 2023ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. ஏறக்குறைய மூன்றில் ஒருவர் போதிய உடலியக்கம் இல்லாதவர். 2019ஆம் ஆண்டின் ஆய்வில் நாட்டின் மூன்று பெரிய இனங்களுள் நீரிழிவு மிகுந்திருந்தது இந்தியர்களிடம்தான். நம் ஒவ்வொரு வீட்டிலும் ஊசி போட்டுக்கொள்ளும் ஓர் அம்மாவோ, காலில் புண் ஆறாத ஒரு மாமாவோ இருக்கிறார்கள். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

சரி, 'குளிர்' என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

"டீச்சர், மழைக்காலம். பிள்ளையைத் திடலுக்கு விடாதீங்க. சளி புடிச்சா யாரு பாக்குறது?" ஆண்டுதோறும் பெற்றோரிடமிருந்து நான் கேட்கும் வேண்டுகோள் இது. அன்புப் பெற்றோர்களே, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சளியைத் தருவது நச்சுயிரி, குளிர்காற்றில் ஓடுவதன்று. சன்னல்களையெல்லாம் இறுக மூடிவிட்டு முப்பது பிள்ளைகளை ஓர் அறையில் அடைத்து வைத்தால்தான் ஒருவர் இருமல் எல்லாருக்கும் எளிதாகப் போய்ச் சேரும். பிள்ளை நனைந்த உடையோடு நாள் முழுதும் இருக்கக்கூடாது, இது சரி. அதற்கு மாற்றுச் சட்டையும் காலுறையும் கொடுத்தனுப்புங்கள். ஈளை உள்ள பிள்ளைக்குக் குளிர்காற்றில் மூச்சிரைப்பு வரலாம், இதுவும் சரி. அதற்கு மருத்துவரின் அறிவுரையும் உறிஞ்சு மருந்தும் இருக்கின்றன. உடல் சூடேறும்வரை மெதுவாகத் தொடங்கும் பழக்கமும் இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளையும் நான்கு மாதங்களுக்கு நாற்காலியில் கட்டிப்போடுவது எந்த மருத்துவத்திலும் இல்லை.

நம் தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரோண்டோவில் குளிர்காலத்தில் உறைநிலைக்கும் பல பாகை கீழே போகிறது. அங்கே பனி கொட்டும் நாள்களில் முதியோர் பேரங்காடிகளின் உள்ளே நடக்கிறார்கள். தானா ராத்தாவில் நமக்கு இரவில் 14, 15 பாகை. பகலில் 20ஐத் தாண்டுகிறது. கோலாலம்பூரில் இருப்போர் இந்தக் குளிர்காற்றுக்காகப் பணம் செலவழித்து மலையேறி வருகிறார்கள். நாமோ அதையே காரணம் காட்டிப் போர்வைக்குள் சுருள்கிறோம்!

ஆக, குளிர் ஒரு சாக்கு. ஆனால், 'நேரமில்லை' என்பது சாக்கன்று. அது உண்மை. அந்த உண்மையை நேருக்கு நேர் பார்க்கத்தான் இக்கட்டுரை.

பத்திரிகைகளில் வரும் உடல்நலக் குறிப்புகள் என்ன சொல்கின்றன? 'விடியற்காலையில் எழுந்து முக்கால் மணி நேரம் நடங்கள். இல்லையேல் மாலையில் நடங்கள்.' எழுதியவர் கேமரன் மலையில் ஒரு திசம்பர் மாதம் இருந்து பார்த்திருக்க வேண்டும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். விளைவு? திசம்பர் இறுதியில் இங்கே கதிரவன் எழ ஏறக்குறைய 7.20 ஆகிறது; சனவரி இறுதியில் 7.30. மலை மறைப்பும் மூடுபனியும் வேறு. பள்ளி வண்டி 6.15க்கே வந்துவிடுகிறது. அந்த இருட்டில், நடைபாதையில்லாத வளைவுச் சாலையில், காய்கறி லாரிகளுக்கு நடுவே யார் நடப்பது? ஒரு பெண் தனியாக நடக்கலாமா? கூடாது என்பதே என் கருத்து. 1967ஆம் ஆண்டு மார்ச்சில் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் பட்டப்பகலில் இங்கே வெளியே சென்று காணாமற்போன கதையைத்தான் இன்றும் நம் பெரியவர்கள் சொல்லி நம்மைத் தடுக்கிறார்கள்!

மாலையிலோ மழை. பிற்பகலில் மேகம் இறங்கி மலையை மூடிவிடுகிறது. பள்ளி முடிந்தால் புறப்பாடம், கூட்டம்; பிள்ளைகளுக்குத் துணைப்பாட வகுப்பு. பாப்பாப் பாட்டில் மாலைப் பொழுதை விளையாட்டுக்கு ஒதுக்கித் தந்த பாரதியாருக்கு நம் மழையும் தெரியாது. நம் துணைப்பாட வகுப்புகளும் தெரியாது.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். வெளிச்சமும் இருந்து, பெரும்பாலும் மழையும் இல்லாத பொழுது எது? காலை 7.30 முதல் நண்பகல் 1 மணி வரை. அந்த நேரத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? பள்ளியில்! பெற்றோர் எங்கே இருக்கிறார்கள்? வேலையிடத்தில்! உடற்பயிற்சியை வேலைநாளுக்கு முன்னும் பின்னும் தேடித் தேடித் தோற்கிறோம். அது வேலைநாளுக்கு உள்ளேதான் இருக்கவேண்டும். இதுவே நான் சொல்லவந்த ஒரே செய்தி.

அப்படி உள்ளே இருக்கும் ஒரே ஒரு வாய்ப்பையும் நாம் என்ன செய்கிறோம்? திருடுகிறோம்.

ஆம், திருட்டுதான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஐந்து முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் கால அட்டவணையில் உடற்கல்விக்கு வாரத்திற்கே ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தையும் 'கணிதம் முடியவில்லை', 'மலாய்மொழிக் கட்டுரை பாக்கி', 'மழை தூறுகிறது' என்று பிடுங்கிக்கொள்கிறோம். நான் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆறாம் ஆண்டுக்கு ஒரு பருவம் முழுக்க உடற்கல்வி நடக்கவே இல்லை. கால அட்டவணையில் இருந்தது, பதிவேட்டில் இருந்தது, திடலில் இல்லை. அந்தப் பாடவேளையை எடுத்துக்கொண்டு பயிற்றியைத் திருப்பித் திருப்பிச் செய்யவைத்தவள் வேறு யாருமில்லை; நான்தான். அன்று யுபிஎஸ்ஆர் தேர்வைக் காரணம் காட்டினேன். 2021ஆம் ஆண்டு அந்தத் தேர்வே அகற்றப்பட்டுவிட்டது. காரணம் போய்விட்டது, பழக்கம் போகவில்லையே!

அந்த வகுப்பில் ஒரு மாணவி சன்னல் வழியே திடலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். "கவனம் எங்கே?" என்று நான் அதட்டுவேன். இன்று நினைத்தால், அவள் கவனம் சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.

குறை சொல்லி முடித்துவிட்டால் போதுமா? என்ன செய்யலாம் என்றும் சொல்லவேண்டும் அல்லவா? நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் வேண்டும். வாரத்தில் இரு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முன்பெல்லாம் 'ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடம் செய்தால்தான் கணக்கு' என்றிருந்தது. 2020ஆம் ஆண்டின் வழிகாட்டியில் அந்த நிபந்தனை நீக்கப்பட்டுவிட்டது. மூன்று நிமிடமும் கணக்கில் சேரும்! ஆசிரியர்களுக்கும் தாய்மார்களுக்கும் இதைவிட நல்ல செய்தி உண்டா?

150ஐ ஐந்து வேலைநாளால் வகுத்தால் 30. அதை மூன்றால் வகுத்தால் பத்து. அவ்வளவுதான் கணக்கு.

1. முதல் பத்து நிமிடம்: மணி அடிக்குமுன், கூரையுள்ள நடைகூடத்தில் விரைநடை. நான் தொடங்கியபோது தனியாகத்தான் நடந்தேன். இரண்டாம் வாரத்தில் நான்கு மாணவிகள் பின்னால் வந்தார்கள். நான் அழைக்கவில்லை.

2. இரண்டாம் பத்து நிமிடம்: ஓய்வுவேளையிலோ பாடமில்லாத வேளையிலோ. மழையென்றால் அந்த மூன்று நிமிடப் படியேற்றம். என்னைத் தோற்கடித்த அதே பலகைதான் இன்று என் தோழி. மூன்று முறை செய்தால் ஒன்பது நிமிடம்; பத்தாவது நிமிடத்தில் மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

3. மூன்றாம் பத்து நிமிடம்: பள்ளி முடிந்ததும், வண்டியில் ஏறுமுன். இரண்டு ஆசிரியர்கள் பேசவேண்டிய செய்தி இருந்தால் நடந்துகொண்டே பேசுங்கள். பாதிக் கூட்டங்கள் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்!

4. வாரம் இருமுறை வலுப்பயிற்சி: சுவரைக் கையால் தள்ளுதல், நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், வீட்டிலுள்ள ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி இறக்குதல். கருவி எதுவும் வாங்கவேண்டாம்.

5. ஞாயிறு காலை: நன்றாக விடிந்தபின், மழை இல்லையென்றால், குடும்பத்தோடு தோட்டச் சாலையில் ஒரு நடை. பளிச்சென்ற நிறத்தில் உடை அணியுங்கள். முந்திய இரவு பெருமழை பெய்திருந்தால் சரிவோரப் பாதைகளையும் அருவிப் பாதைகளையும் தவிருங்கள். மண் சரியும் மலை இது.

நீரிழிவுக்கு மருந்தோ ஊசியோ எடுப்போரும் இதயநோய் உள்ளோரும் முதலில் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கும். ஆதலால் எடுத்த எடுப்பில் ஓடாதீர்கள்.

இது ஒருவர் ஆர்வத்தில் நடந்து, அவர் மாற்றலாகிப் போனதும் நின்றுபோகும் செயலாக இருக்கக்கூடாது. சப்பானில் 1928ஆம் ஆண்டு வானொலிவழி உடற்பயிற்சி தொடங்கியது. சில நிமிடப் பயிற்சிதான். பள்ளிகளிலும் தொழிற்சாலைகளிலும் அது இன்றுவரை தொடர்கிறது. காரணம், அது தனிமனிதரின் மனவுறுதியை நம்பவில்லை, நேரத்தை நம்பியது. மணி அடித்தால் எல்லாரும் எழுவார்கள். காலைச் சபைகூடலில் உரைகளைச் சற்றுச் சுருக்கிப் பத்து நிமிடத்தைப் பயிற்சிக்குக் கொடுக்க நம் தலைமையாசிரியர்களால் முடியாதா? முடியும். மனம் வேண்டும்.

இறுதியாக, ஆண்களுக்கு ஒரு சொல். நம் வீடுகளில் 'நேரமில்லை' என்பது எல்லாருக்கும் ஒரே அளவில் இல்லை. நான்கரை மணிக்கு எழுந்து, குளிர்ந்த நீரில் கைவிட்டுப் பாத்திரம் துலக்கி, பசியாறல் சமைத்து, பிள்ளையை எழுப்பி, பிறகு வேலைக்கும் போகிறவள் மனைவி. மாலையில் திரும்பினாலும் அடுப்படிதான். அவளிடம் 'நீ உடம்பைக் கவனிக்கக்கூடாதா?' என்று கேட்பதற்கு முன், பாத்திரத்தை நீங்கள் துலக்குங்கள். அந்த இருபது நிமிடம்தான் அவளுக்கு வேண்டிய மருந்து. என் கணவர் அதைச் செய்யத் தொடங்கிய பிறகுதான் என் நடை நிலைத்தது. அவர் ஒருநாள்கூட அதைத் தியாகம் என்று சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன்.

அண்மையில் மறுபடியும் மாணவர்கள்முன் அந்தப் பலகையில் ஏறினேன். மூன்று நிமிடம் முடித்தேன். மூச்சு வாங்கியது உண்மை. ஆனால் இம்முறை யாரும் நாற்காலி கொண்டுவரவில்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்து சற்றே பின்வாங்கியிருக்கிறது. அதை அங்கேயே நிறுத்தி வைப்பது என் வேலை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களே, உடற்கல்விப் பாடவேளையை இனி யாரும் கேட்டால் கொடுக்காதீர்கள்; நீங்களும் கேட்காதீர்கள். பெற்றோர்களே, 'மழைக்காலம், பிள்ளையை விடாதீர்கள்' என்று சொல்லியனுப்புவதற்குப் பதிலாக ஒரு மாற்றுச் சட்டையை அனுப்புங்கள். நம் முன்னோர் கூலிக்காகக் குளிரில் நடந்தார்கள். நாம் நம் உயிருக்காக நடக்கக்கூடாதா?

சிந்திப்போம். நாளைக் காலை மணி அடிக்குமுன் பத்து நிமிடம் நடப்போம்.